முகாம் படிவத்தில் இன்னும் ஒரு கேள்வி வேண்டும்

மும்பையில் ஆண்டுதோறும் இலவச மருத்துவ முகாம் நடத்தும் நம் தமிழர் நலமன்றங்கள், சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு சயன் கோலிவாடா. வயது 53. ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஒன்பது வருடமாக முகாம்களில் பதிவு மேசையில் உட்கார்ந்து, எழுதத் தெரியாத நம் பெண்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிறேன். பெயர், வயது, எடை, சர்க்கரை, பிரஷர், கண், பல் என்று அந்தப் படிவத்தின் கட்டங்கள் எனக்கு மனப்பாடம். அதில் இல்லாத ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்: நம் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலம், ஆங்கிலத்தில் மெனோபாஸ்.

போன முகாமில் ஒரு பெண் வந்தாள். வயது 47. வீட்டில் இட்லி அவித்துக் கொடுத்து வியாபாரம் பார்க்கிறவள். என் காதருகே குனிந்து, "யக்கா, திடீர் திடீர்னு மேலெல்லாம் காந்துது. நெஞ்சு படபடன்னு அடிக்கி. ராத்திரி நைட்டி பூரா நனைஞ்சிருது. எனக்கு ஏதோ பெரிய வியாதி வந்துட்டுன்னு தோணுது" என்றாள். பிரஷர் மேசைக்கு அனுப்பினேன். சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. ஈசிஜி எடுத்தார்கள், அதுவும் சரி. கடைசியில் ஒரு பி காம்ப்ளெக்ஸ் அட்டையைக் கையில் கொடுத்து, டென்ஷன் ஆகாதீங்கம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இத்தனை மேசை தாண்டிப் போனவளிடம், உனக்குக் கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், இருந்தும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பக்கத்து மேசையில் நம் தெரு ஆண்கள். படிவத்தில் அந்தக் கட்டம் இருந்திருந்தால் பெயர், வயது கேட்கிற மாதிரி அதையும் கேட்டிருப்பேன். இல்லாததால் வாய் வரவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இரண்டு வாரம் கழித்து தாராவி 90 அடி சாலையில் காய் வாங்கும்போது அவளைப் பார்த்தேன். ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டேன். ஒரு வருடமாகவே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று வருகிறதாம். சொல்லிவிட்டு என்னைத் திருப்பிக் கேட்டாள்: "அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வயதுக்கு வந்தபோது புட்டு சுத்தி, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிச் சொன்னோம். நிற்கும்போது ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

சம்பந்தம் இதுதான். நாற்பதைத் தாண்டிய பிறகு சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, போகப் போகக் குறைந்துவிடுகிறது. உடம்புச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் இடம் மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்த இடம் தடுமாறுகிறது. துளி சூடு ஏறினாலும் பெரிய சூடு என்று நினைத்து, தோலுக்கு ரத்தத்தை அனுப்பி, வேர்வையைத் திறந்துவிடுகிறது. நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று குப்பென்று ஏறும். படபடக்கும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஐந்து நிமிஷம். அது அடங்கியதும் வேர்வை காய்ந்து குளிரெடுக்கும். ஆங்கிலத்தில் ஹாட் ஃப்ளஷ் என்கிறார்கள். இதே வேலை தூக்கத்தில் நடந்தால் நைட்டி நனைகிறது.

எனக்கு இது பிடிபட ஐந்து மாதம் ஆனது. முதலில் வந்தது ஓர் அக்டோபரில். காலை ரயிலில் ஜி.டி.பி. நகரில் ஏறி வடாலா வருவதற்குள் முகம் எரிந்து, முதுகில் வேர்வை ஓடி, ரவிக்கை ஒட்டிக்கொண்டது. மழை நின்றபின் மும்பையில் அடிக்கிற அக்டோபர் வெயில் உங்களுக்குத் தெரியும். அதுதான் என்று நினைத்தேன். எதிரில் இருந்த மராத்திக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் தன் கைவிசிறியை நீட்டினார். அவருக்குப் புரிந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. தை மாதம் 90 அடி சாலையில் எல்லாரோடும் பொங்கல் வைக்கும்போது வந்தது. அடுப்பு முன்னால் நிற்கிறோம் அல்லவா, அனல் என்று நினைத்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் விடியக்காலை மூன்று மணிக்கு, போர்வையை உதறிவிட்டு ஈரத் தலையணையில் உட்கார்ந்திருந்தேன். வெயிலும் இல்லை, அடுப்பும் இல்லை. அன்றைக்குத்தான் நாள் கணக்குப் பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால் வந்தது, அப்புறம் வரவே இல்லை.

நம்மிடம் 'உடம்புச் சூடு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதுவே பதில். வெந்தயம் ஊறவைத்துக் குடி, மோர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி. செய்யட்டும், தப்பில்லை, உடம்புக்கு இதமாக இருந்தால் நல்லதுதான். ஆனால் சூடு என்று சொன்ன உடனே பேச்சு முடிந்துவிடுகிறது. சூட்டுக்குப் பின்னால் வேறு என்னவெல்லாம் வருகிறது என்று அடுத்த கேள்வி பிறப்பதில்லை. நம் பெண்கள் தூக்கம் கெட்டதை ஓர் இடத்தில் சொல்கிறார்கள், மூட்டு வலியை இன்னோர் இடத்தில் சொல்கிறார்கள், மூத்திர எரிச்சலை எங்கேயும் சொல்வதில்லை. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாமலே வருடங்கள் ஓடுகின்றன.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் வரிசையாகப் படுத்திருக்கிற வீடுகள் நம்முடையவை. நடுராத்திரி வேர்த்து எழுந்தவள் விளக்குப் போட முடியாது, பிள்ளைக்குப் பரீட்சை. ஜன்னலைத் திறக்க முடியாது, எதிர் வீட்டுச் சுவர். ஃபேனைக் கூட்டினால், "குளிருது, குறை" என்று வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஃபேன் சண்டை நடந்தது. ஐந்தில் வைப்பேன், அவர் எழுந்து இரண்டில் வைப்பார். காரணம் இன்னதென்று நான் விளக்கிச் சொன்ன அன்றைக்கே சண்டை தீர்ந்தது. அவர் இப்போது போர்த்திக்கொண்டு படுக்கிறார். சொல்லாமல் இருந்திருந்தால், இவளுக்கு வயதாக ஆக வீம்பு கூடுகிறது என்றே நினைத்திருப்பார். இப்படி ராத்திரி பாதி விழிப்பில் போனால் பகலில் சிடுசிடுப்பு வராமல் என்ன செய்யும்? சின்னப் பேச்சுக்கு அழுகை, காரணமில்லாத பயம், எதிலும் மனசு ஒட்டாத நாட்கள், நாக்கு நுனியில் நின்று வராத பெயர்கள். அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பது. பல பெண்கள் தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்துபோய் இருக்கிறார்கள். பலருக்கு இது இந்தக் கட்டத்தோடு லேசாகிவிடும் என்று ஒருவர் சொன்னாலே பாதி பாரம் இறங்கும். மனச்சோர்வு வாரக்கணக்கில் விடாமல் பிடித்தால், வாழ்க்கையே வேண்டாம் என்று நினைப்பு வந்தால், உடனே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். அது பொறுத்துக்கொள்கிற விஷயம் இல்லை.

அடுத்தது யாரும் வாயைத் திறக்காத விஷயம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பும் மூத்திரப் பாதையும் வறண்டு மெலிந்துபோகின்றன. எரிச்சல், அரிப்பு, திரும்பத் திரும்ப மூத்திரத் தொற்று, வந்தால் அடக்க முடியாத அவசரம், இருமினால் சொட்டு விடுவது. இந்த ஊரில் பெண்களுக்குக் கழிப்பறைக்காகவே 2011இல் ஓர் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது, 'ரைட் டு பீ' என்று. சால் என்கிற ஒற்றை அறை வரிசை வீடுகளில், பொதுக் கழிப்பறையை நம்பி இருக்கிற ஐம்பது வயதுப் பெண், ராத்திரி இரண்டு தடவை அவ்வளவு தூரம் நடக்கப் பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. அதில் தொற்று இன்னும் கூடுகிறது. தாம்பத்தியத்தில் வலி இருப்பதால் அவள் விலகிப் படுக்கிறாள். வெறுப்பு என்று கணவர் நினைத்துக்கொள்கிறார். ஹாட் ஃப்ளஷ் வருடங்கள் போனால் பெரும்பாலும் தணிந்துவிடும். இந்த வறட்சி தானாகத் தணியாது, பார்க்காமல் விட்டால் கூடவே செய்யும். அதே சமயம், உள்ளே தடவும் ஈரப்பசைக் களிம்பு, மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு என்று எளிய வைத்தியம் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்க வாய் வேண்டும்.

உங்களிடம் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ரத்தப்போக்கைப் பற்றி. "கடைசியா கொட்டித் தீர்த்துட்டுத்தான் நிக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி, பத்துப் பன்னிரண்டு நாள் கட்டி கட்டியாகப் போவதைச் சகித்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் படியேற முடியாமல் மாடி வளைவில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை வெள்ளைத் தாளாக இருந்தது. ஹீமோகுளோபின் 7. இந்த வயதில் நாள் தள்ளிப்போவதும் முன்பின் வருவதும் சகஜம். மணிக்கு ஒரு நாப்கின் நனைவதும், ஒரு வாரத்துக்கு மேல் நீள்வதும், இடையில் படுவதும் சகஜம் இல்லை. கட்டியா, தைராய்டா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். ஒரு வருடம் முழுதாக நின்றுபோன பிறகு ஒரே ஒரு சொட்டு பட்டாலும் தாமதிக்காமல் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டுகிற அடையாளமும் இதுதான். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கக்கூடியது. "திரும்ப வந்துட்டு, இன்னும் இளமைதான்" என்று சிரித்துக்கொண்டு சொன்ன பெண்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். எல்லாமே மெனோபாஸ் என்று தள்ளிவிடவும் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இதய நோய் வாய்ப்பு கூடுகிறது. நடந்தால் மூச்சு வாங்குவது, நெஞ்சு அழுத்துவது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுவது இருந்தால் அது வேறு கதை. தைராய்டு கோளாறிலும் படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை வரும். ஆகவே அன்றைக்கு அந்த இட்லிக்காரப் பெண்ணுக்கு ஈசிஜி எடுத்தது சரிதான். அதோடு விட்டதுதான் குறை.

வயதுக் கணக்கும் நம்மவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று பெயர். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் அது வருகிறது, மேலை நாடுகளில் 51. அதற்கு முந்தைய சில வருடங்களிலேயே அறிகுறிகள் தொடங்கிவிடும். அதனால் 42, 43 வயதுக்காரி இதைச் சொன்னால், உனக்கு அதற்குள்ளாகவா என்று வாயை அடைக்கக் கூடாது. நாற்பதுக்கு முன்னாலேயே நின்றால் மட்டும் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், எலும்பும் இதயமும் சீக்கிரமே பாதிக்கப்படும். எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு 2015இல் ஒரு கணக்கு சொன்னது: அடிக்கடி ஹாட் ஃப்ளஷ் வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளைத் தாண்டி நீடித்தது. ஏழு வருடத்தை வெந்தயத் தண்ணீரில் கழிக்கச் சொல்ல முடியுமா? அப்புறம், இந்த இடைப்பட்ட காலத்தில் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கிறது. நின்றுவிட்டது என்று நினைத்து மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் உண்டு.

கர்ப்பப்பையை எடுத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மகாராஷ்டிர மாநிலத்திலேயே பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலருக்குச் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை அகற்றியது 2019இல் பெரிய செய்தியாகி, அரசு விசாரணைக் குழு போட்டது. நம் பெண்களிலும் எடுத்தவர்கள் நிறைய. என்ன எடுத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கும், சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும். பிற்பாடு அறிகுறிகள் வரும்போது கணக்கு வைக்க மாதவிடாய் என்ற அடையாளமே இருக்காது. இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் மறுநாளே மெனோபாஸ், அதுவும் கடுமையாக. படிவத்தில் இதற்கும் ஓர் இடம் வேண்டும்.

வைத்தியத்தைப் பற்றி நான் பேச ஆளில்லை, ஆனாலும் ஒரு பயத்தைப் போக்க வேண்டியிருக்கிறது. ஹார்மோன் மாத்திரை என்றாலே கேன்சர் என்று நம்மவர்கள் ஓடுகிறார்கள். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து வந்த பயம் அது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாத, வேறு நோய் இல்லாத பெண்ணுக்குத் தொந்தரவு அதிகமாக இருந்தால், பெரும்பாலும் நன்மைதான் கூடுதல் என்று இப்போது மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அது ஆகாது, ஹார்மோன் இல்லாத வேறு மாத்திரைகள் உண்டு. யாருக்கு எது என்று மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். மூட்டு வலி, எலும்புத் தேய்மானத்துக்கு நடை, வெயில், கேழ்வரகு, எள் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

படிவத்தில், நாற்பது தாண்டிய பெண்களுக்கு மட்டும் நான்கு வரி கூட்டுங்கள். கடைசி மாதவிடாய் எப்போது? கர்ப்பப்பை எடுத்திருக்கிறதா, சினைப்பையுமா? திடீர் வேர்வையோ தூக்கக் கேடோ உண்டா? நின்ற பிறகு ரத்தம் பட்டதா? இதற்குக் காசு செலவில்லை. தமிழில் அச்சிடுங்கள், நம் பேச்சில் அச்சிடுங்கள். 'மாதவிடாய் நிறுத்தக் கால அறிகுறிகள்' என்று போட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. 'மேலு காந்துதா, குப்புன்னு வேர்க்குதா' என்று போடுங்கள், கை தூக்குவார்கள்.

பெண் மருத்துவர் ஒருவரைத் திரைச்சீலை போட்ட மூலையில் உட்கார வையுங்கள். வேறு எந்த மேசையைக் குறைத்தாலும் சரி, அந்தச் சீலையைக் குறைக்காதீர்கள். பரிசோதனைக் கூடங்கள் முகாமுக்கு வந்து ஹார்மோன் டெஸ்ட் தொகுப்பு என்று விற்றால் ஒரு தடவை யோசியுங்கள். 45 வயது தாண்டிய பெண்ணுக்கு, வயதையும் அறிகுறியையும் வைத்தே மருத்துவர் சொல்லிவிடலாம். அந்த ஹார்மோன் அளவு வாரத்துக்கு வாரம் மாறும். அந்தப் பணத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கலாம். மேலே பார்க்க வேண்டியவர்களுக்கு, சயன் மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு எந்த நாளில், எத்தனை மணிக்குப் போக வேண்டும், யார் கூட வருவார்கள் என்று எழுதிக் கையில் கொடுங்கள். மராத்தியும் இந்தியும் பேசத் தயங்குகிற பெண்ணுக்குக் கூட ஓர் ஆள் வந்தால்தான் அவள் படி ஏறுவாள். நான் மாதம் ஒரு சனிக்கிழமை வரத் தயார்.

ஆண்களுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மகளிர் தினத்தில் கோலப்போட்டி நடக்கிறபோது ஆண்கள் வெளியே நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள். உலக மெனோபாஸ் தினம் அக்டோபர் 18. முதல் கூட்டத்தை அன்றைக்கே வைக்கலாம். ஃபேன் சண்டையை எங்கள் வீட்டுக்காரரே எழுந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த இட்லிக்காரப் பெண் இப்போது மருத்துவரைப் பார்த்துவிட்டாள். தைராய்டு சரி. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். காந்தல் இன்னும் இருக்கிறது, ஆனால் பயம் இல்லை என்கிறாள். வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, வாசற்படியில் ஐந்து நிமிஷம் உட்காருகிறாளாம். அடுத்த முகாமுக்கு நாத்தனாரையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் வரும்போது பதிவு மேசையில் நான்தான் இருப்பேன். படிவம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை என்னிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பதிவு மேசை அக்கா,
சயன் கோலிவாடா, மும்பை